பிளாஸ்திரி ஒட்டிய கட்டைவிரல்

'ஒரு போனை ஒரு மணி நேரம் கையில சும்மா வெச்சிருக்கத் தெரியாதா உனக்கு?'

இப்படித்தான் கேட்டார். சொல்லுக்குச் சொல் இதுதான். நீங்களும் எதிர் சோபாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள்? நான் ஏதாவது கூட்டிச் சொல்கிறேனா? கல்யாணமாகி இருபத்தேழு வருஷம். முன்பின் தெரியாத ஒரு பெண் எதிரே இருக்கிறாள், வாசலில் அந்த செக்யூரிட்டிக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார், அவர்கள் முன்னால் கேட்கிற கேள்வியா இது? நான் வாயைத் திறப்பதற்குள் அந்தக் கண்ணாடிக் கதவு திறந்தது, 'சார், உங்களை உள்ள வரச் சொன்னாங்க' என்றார்கள், எழுந்து போய்விட்டார்.

சும்மா வைத்திருக்கவா என்னிடம் கொடுத்தார்? மூன்று வருஷமாக அந்தப் போன் சத்தம் போட்டதும் 'சாரு, ஓடி வா, ஓடி வா' என்று கூப்பிட்டது யார்? அடுப்பில் பால் பொங்கட்டும், என் தலையில் எண்ணெய் சொட்டட்டும், அரை நிமிஷத்துக்குள் ஓடிப்போக வேண்டும். இப்போது, 'சும்மா வெச்சிருக்கத் தெரியாதா'வாம்.

இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள், கத்திப் பேச முடியாது. பேசவே கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறார். 'உன்னைக் கூப்பிட்டா ஆமா, இல்லை, அவ்வளவுதான். உன் கான்வென்ட் வாயை வீட்டிலேயே வெச்சுட்டு வா.' காரில் வரும்போது சொன்னது. உங்களிடம் பேசுவதில் ஒன்றுமில்லை, நீங்கள் இன்டர்வியூவுக்கு வந்தவர். சூட்கேஸைப் பார்த்தாலே தெரிகிறதே, ரயிலை விட்டு இறங்கி நேரே வந்திருக்கிறீர்கள். பாவம், நல்ல நாள் பார்த்தீர்கள். இந்தக் கம்பெனி வியாழக்கிழமையிலிருந்து படுத்துக் கிடக்கிறது. யாரை எடுக்கப் போகிறார்கள், இருக்கிறவர்களை அனுப்பாமல் இருந்தால் போதாதா?

என்ன சொல்ல வந்தீர்கள்? இருங்கள், இதை முடித்துவிடுகிறேன்.

கையை ஏன் முந்தானைக்குள் வைத்திருக்கிறேன் என்கிறீர்களா? ஏசிதான். இவர்களுக்கு ஏசியை எவ்வளவில் வைப்பதென்றே தெரியாது.

இல்லை, ஏசி இல்லை. வியாழக்கிழமையிலிருந்து இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் தெய்வசிகாமணி. இந்தக் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம். முதல் பன்னிரண்டு வருஷம் பிளேட்டிங் செக்‌ஷனில், பம்பு பாகங்களுக்கு முலாம் பூசுகிற இடத்தில். அங்கே ஆசிட் தொட்டி, இங்கே ஆசிட் தொட்டி. கையுறை எல்லாம் பேருக்குத்தான். அப்புறம் மெல்ல மேலே வந்து இப்போது டெஸ்பேட்ச் பிளானிங். எந்தப் பம்பு எந்த லாரியில் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று இவர்தான் கம்ப்யூட்டரில் போடுவார். கொரோனா வந்ததா, எல்லாரையும் வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னார்கள். பிறகு இவருக்கு முதுகுத்தண்டில் டிஸ்க் நகர்ந்துவிட்டது. டாக்டர் லெட்டரைக் காட்டி வாரத்தில் நாலு நாள் வீட்டிலிருந்தே செய்யலாம் என்று வாங்கிக்கொண்டார். பெரிய சலுகை அது. இன்னும் மூன்று வருஷம் சர்வீஸ் இருக்கிறது. இந்த வயசில், இந்த முதுகை வைத்துக்கொண்டு, இதை விட்டால் அவரை யார் கூப்பிடுவார்கள்?

வீட்டிலிருந்து கம்பெனி கம்ப்யூட்டருக்குள் போவதற்கு வி.பி.என். என்று ஒன்று. உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு இவர் சொன்னது இதுதான்: இன்டர்நெட் என்பது அவினாசி ரோடு மாதிரி, கண்டவனும் போவான், வருவான். அதற்கு அடியில் நம் வீட்டு மேஜையிலிருந்து கம்பெனிக்கு மட்டும் தனியாக ஒரு பாதை போட்டிருக்கிறார்கள், மூடின பாதை, உள்ளே போவது யாருக்கும் தெரியாது. அதன் வாசலில் முதலில் பாஸ்வேர்டு கேட்கும். பிறகு போனில் மணி அடித்து, 'உள்ளே நுழைவது நீங்கள்தானா?' என்று வரும். ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான். 'ஆம்' என்று தொட்டால் போதாது, விரலை வைத்துக் காட்ட வேண்டும். அதெல்லாம் அரை நிமிஷத்துக்குள். நடுவில் லைன் அறுந்துபோனால் மறுபடியும் முதலிலிருந்து.

இந்த விரல் விஷயம் வந்தது மூன்று வருஷம் முன்னால்தான். அன்றைக்கு இவர் விரலை வைத்துப் பார்க்கிறார், பார்க்கிறார், போன் ஏற்கவே மாட்டேன் என்கிறது. ஏற்காது. அவருக்கு ரேகையே இல்லை. ஆசிட் தின்றுவிட்டது. ரேஷன் கடையில் அவர் விரலை வைத்தால் அந்த மெஷின் கீச் கீச்சென்று கத்தும், பின்னாலிருக்கிற வரிசை முழுக்க முணுமுணுக்கும். அங்கே என் விரலைத்தான் வைப்போம். அதனால் இங்கேயும் என் விரலையே வைத்தோம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 'சாரு, இங்க வா, கட்டைவிரலைக் குடு' என்றார். கொடுத்தேன்.

ஆபீஸில் சொன்னாரா என்கிறீர்களா? எதற்குச் சொல்ல வேண்டும்? 'எனக்கு ரேகை இல்லீங்க' என்று அந்த ஐ.டி. கிரிதரன் முன்னால் போய் நிற்க வேண்டுமா? அந்தப் பையனுக்கு இவர் சர்வீஸ் அளவுக்குக்கூட வயசில்லை.

ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். ஒன்பது பக்கம், எல்லாம் இங்கிலீஷ். நான்தான் படித்துச் சொன்னேன். கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்னதெத்திடம் பத்து வருஷம் படித்தவள், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, ரேடியோ செய்தி மாதிரி வாசித்தேன். 'இந்த வசதியை வேறொருவர் பயன்படுத்த அனுமதிக்க மாட்டேன்' என்று நாலாம் பக்கத்தில் இருந்தது. அதையும் வாசித்தேன். அவர் தலையாட்டினார், கையெழுத்துப் போட்டார். அந்த வேறொருவர் நானும்தான் என்று சத்தியமாக இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. நீங்களே சொல்லுங்கள், பெண்டாட்டி எப்படி வேறொருவர் ஆவாள்? அவர் ஏ.டி.எம். கார்டு நம்பர் எனக்குத் தெரியும். அவர் ஆதார் நம்பரை அவருக்கே நான்தான் சொல்ல வேண்டும். அவர் சட்டை அளவு, சர்க்கரை அளவு, அவர் அம்மா திதி, எல்லாம் என் தலையில் இருக்கிறது. விரல் மட்டும் வேறொருவருடையதா?

அதன் பிறகு தினமும் காலை எட்டு ஐம்பதுக்கு என் விரல். திங்கட்கிழமை மட்டும் ஏழு இருபதுக்கு. ஏழரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்கு முன்னால் உள்ளே போய்விட வேண்டும் என்பார். உள்ளே போய்விட்டுக் குளிக்கப் போவார். குளித்துவிட்டு வருவதற்குள் லைன் அறுந்திருக்கும், மறுபடியும் என் விரல். மாவு பிசைந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடுவேன். ஒரு தடவை அவர் தங்கச்சி முன்னால் என்னை, 'இவ வீட்ல சும்மாதானே இருக்கா' என்றார். மறுநாள் காலையில் விரலைத் தர மாட்டேன் என்றேன். பதினொரு மணி வரைக்கும் தரவில்லை. லாரிகள் எல்லாம் கேட்டுக்குள் நிற்கின்றன, மேலேயிருந்து போன் மேல் போன், இவர் சமையலறை வாசலில் நின்று, 'சாரு, சாரு' என்கிறார். அப்புறம்தான் கொடுத்தேன். அன்றைக்கு எனக்கு ஒரு மாதிரி இருந்தது, என்ன சொல்வது, ஆயிரத்து நானூறு பேர் வேலை பார்க்கிற கம்பெனி என் விரலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. சிரித்துக்கொண்டேதான் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை இவருக்குக் கண் ஆபரேஷன். வலது கண்ணில் புரை. ஆறு மாசமாகவே எல்லாம் புகை மாதிரி தெரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றரை மணிக்கு உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். மோதிரம், வாட்ச், பூணூல் மாதிரி எப்போதும் கழுத்தில் கிடக்கிற அந்த ஆபீஸ் கார்டு, போன், எல்லாம் என் கைப்பையில். லீவு சொல்லியாகிவிட்டது. லேப்டாப் வீட்டில் பீரோவுக்குள் இருக்கிறது.

இரண்டு மணி இருக்கும். போன் அடிக்கிறது. 'உள்ளே நுழைவது நீங்கள்தானா?'

அதைத்தான் நானும் கேட்கிறேன், யார் நுழைகிறார்கள்? இவர் ஆபரேஷன் மேஜையில் படுத்திருக்கிறார். 'இல்லை' என்று தொட்டேன். கேட்டுக்கொள்ளுங்கள், முதலில் நான் 'இல்லை' என்றுதான் தொட்டேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. மறுபடியும் வருகிறது. நாலு, ஐந்து. பக்கத்தில் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு வரிசையாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் அத்தனை பேரும் திடுக் திடுக்கென்று நிமிர்கிறார்கள். நர்ஸ் வந்து, 'ஏனுங்க அம்மணி, படிச்சவங்க மாதிரி இருக்கறீங்க, போனை சைலண்ட்ல வைக்கத் தெரியாதா?' என்றாள். படிச்சவங்க மாதிரி! அவளுக்குப் பதில் சொல்வேனா, போனைப் பார்ப்பேனா? எட்டு, ஒன்பது, பத்து. பதினோராவது தடவை தொட்டுவிட்டேன். 'ஆம்'. விரலையும் வைத்தேன். சத்தம் நின்றது.

இரண்டு பத்து. ஏன் நேரத்தைக் கேட்கிறீர்கள்? சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், அதனால் தெரியும். இரண்டு பத்து.

இவ்வளவுதான் அவருக்குத் தெரியும். புதன்கிழமை வீட்டில் கண்ணில் கருப்புக் கண்ணாடியோடு படுத்திருந்தார், நான் இரண்டு மணிக்கொரு தடவை சொட்டு மருந்து விட்டேன். வியாழக்கிழமை காலையில் லேண்ட்லைனில் கூப்பிட்டார்கள். கம்பெனியில் எந்தக் கம்ப்யூட்டரும் திறக்கவில்லை, பம்பு வரைபடங்கள், ஆர்டர், லாரிக் கணக்கு எல்லாம் பூட்டிக் கிடக்கிறது, திரையில் யாரோ பணம் கேட்டு எழுதியிருக்கிறான், மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற வைண்டிங் செக்‌ஷன் பெண்களை எல்லாம் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டோம் என்றார்கள். அப்புறம் கேட்டார்கள்: 'சார், செவ்வாய்க்கிழமை ரெண்டு மணிக்கு நீங்க லாகின் பண்ணீங்களா?'

அவர் போனை வைத்தார். கருப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை நான் இருபத்தேழு வருஷத்தில் பார்த்ததில்லை. கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. 'சாரு, நீ தொட்டியா?' என்றார். மெதுவாக.

அதிலிருந்து எனக்கு எதைத் தொடவும் பயமாக இருக்கிறது. அதனால்தான் இந்தப் பிளாஸ்திரி. காயமா என்று நீங்கள் அப்போதே பார்த்தீர்கள், நானும் கவனித்தேன். காயமில்லை. யாராவது இந்த விரலைப் பிடித்து எதிலாவது வைத்துவிடுவார்களோ என்று ஒட்டியிருக்கிறேன். பைத்தியக்காரத்தனம்தான். காஸ் அடுப்பை இடது கையால் திருகுகிறேன். நேற்று கூரியர்காரன் பெல் அடித்தான். போலீஸ் என்று நினைத்துப் பூஜை அறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். புனேயிலிருந்து மகள் கூப்பிடுகிறாள், எடுக்கவில்லை. எடுக்க வேண்டுமென்றால் தொட வேண்டுமே.

பொய்யும் அவர்தான் சொன்னார், நான் சொல்லவில்லை. 'போன் ஆஸ்பத்திரி லாக்கர்ல இருந்தது, என் மனைவிக்கு அதெல்லாம் ஒண்ணும் தெரியாது, போனைத் திறக்கவே தெரியாது' என்று கிரிதரனிடம் சொல்லிவிட்டார். நான் பக்கத்தில் நிற்கிறேன். ஒன்றும் தெரியாதாம்! ஒன்பது பக்கம் வாசித்தவள் நான். அந்த பயத்திலும் எனக்குச் சுருக்கென்றது. 'எனக்கா தெரியாது' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. என் கையைப் பிடித்து அழுத்தினார்.

இப்போது பாருங்கள் சிக்கலை. காலையில் வந்தவுடன் போனை வாங்கிக்கொண்டார்கள். இந்நேரம் உள்ளே அவர் கையில் கொடுத்து, 'திறங்க சார்' என்றிருப்பார்கள். நம்பர் போட்டுத் திறப்பார். 'விரலை வெச்சுத் திறங்க' என்றால்? திறக்காது. அவர் விரலே அதில் இல்லை. அப்படியானால் யார் விரல் இருக்கிறது? அவர்கள் என்ன நினைப்பார்கள்? வெளியிலிருந்து எவனையோ கூட்டி வந்து அவன் விரலைப் பதிந்து, கம்பெனியை விற்றுவிட்டார் என்றுதானே? முப்பத்தோரு வருஷம் ஒரு நட்டு, ஒரு போல்ட்டு வீட்டுக்கு எடுத்து வந்ததில்லை. நான் உண்மையைச் சொன்னால் அந்தத் திருட்டுப் பட்டம் வராது. ஆனால் நாலாம் பக்கம் இருக்கிறதே, வேலை போய்விடும். சொல்லாவிட்டால் போலீஸ். சொன்னால் வீதி. எப்படிப் பார்த்தாலும் இந்த விரல்தான்.

அந்த நேரத்தில் வேறு யாராவது கூப்பிட்டார்களா என்றா கேட்கிறீர்கள்?

எப்படி இதைக் கேட்கத் தோன்றியது உங்களுக்கு? கெட்டிக்காரிதான்.

கூப்பிட்டார்கள். இதை அவரிடம்கூட நான் சொல்லவில்லை. பத்தாவது தடவை அடித்து நின்றதும் ஒரு கால் வந்தது. ஒரு ஆள். ஆபீஸ் ஐ.டி.யிலிருந்து பேசுகிறேன் என்றான். அப்பப்பா, என்ன இங்கிலீஷ்! இந்த ஊரில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? ஒரு சொல்லுக்கு ஒரு 'மேடம்'. சாருக்கு ஆபரேஷன் நல்லபடியாக ஆக வேண்டும் என்றுகூடச் சொன்னான். லீவு போட்டதெல்லாம் தெரிந்திருக்கிறது. சர்வரில் ஒரு வேலை நடக்கிறது, அதனால்தான் சத்தம், ஒரு தடவை 'ஆம்' கொடுத்துவிட்டால் நின்றுவிடும் என்றான். நான் தயங்கினேன். தயங்கத்தான் செய்தேன். அதற்கு அவன், 'பரவாயில்லை மேடம், உங்களுக்கு இதெல்லாம் செய்யத் தெரியாது என்றால் சார் வெளியே வரும் வரை காத்திருக்கிறேன்' என்றான்.

எனக்கா செய்யத் தெரியாது?

நானும் இங்கிலீஷில் பதில் சொன்னேன். அவனைவிட நல்ல இங்கிலீஷ். மூன்று வருஷமாக நான்தான் செய்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தொட்டேன். 'வெரி குட், மேடம்' என்றான். சிஸ்டர் பெர்னதெத்துக்கு அப்புறம் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

நம்பரா? போனில்தான் இருக்கும். போன் உள்ளே இருக்கிறதே.

அதற்கு முன்னால் ஏதாவது மெயிலா?

வந்தது.

அது பத்து நாள் இருக்கும். அவருக்குக் கண் தெரியவில்லை என்று மெயில் எல்லாம் நான்தான் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். பாஸ்வேர்டு காலாவதியாகப் போகிறது, இங்கே பழைய பாஸ்வேர்டைப் போடுங்கள் என்று ஒரு மெயில். என்ன இங்கிலீஷ் அது! மூன்று வரியில் ஐந்து தப்பு. நம்ம ஐ.டி. பசங்கள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்களோ என்று சிரித்தேன். மனசுக்குள் ஐந்தையும் திருத்தினேன். திருத்திவிட்டு, பாஸ்வேர்டைப் போட்டேன். அவரை எழுப்பவில்லை. இதற்கெல்லாமா எழுப்புவார்கள்?

அந்த மெயில் ஐ.டி.யிலிருந்து வந்ததில்லை. எனக்குத் தெரியும். இப்போது தெரியும். பாஸ்வேர்டும் நான், விரலும் நான். அவர் என்னவோ தான் கண்ணை மூடிப் படுத்திருந்தபோது பெண்டாட்டி ஒரே ஒரு தடவை கை தவறிவிட்டாள் என்று நினைத்து எனக்காக உள்ளே பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார். நடந்ததில் அவர் செய்தது எதுவுமே இல்லை. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். அதையும் நான் வாசித்துக் காட்டித்தான் போட்டார்.

மறுபடியும் ஏதோ சொல்ல வருகிறீர்கள். இருங்கள் கண்ணு, இன்னும் ஒரு நிமிஷம். மணி என்ன? பதினொன்று ஐம்பத்தைந்தா? பன்னிரண்டுக்கு அவருக்குச் சொட்டு மருந்து. இதோ கைப்பையில், ஐஸ் டப்பாவில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறேன். அவருக்குத் தானாக விட்டுக்கொள்ளத் தெரியாது, கன்னத்தில்தான் விடுவார். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்: குனியக்கூடாது, தும்மக்கூடாது, அழக்கூடாது. ஒரு வாரத்துக்குக் கண்ணில் தண்ணீரே படக்கூடாது. உள்ளே என்ன கேட்கிறார்களோ. அவர் அம்மா போனபோதுகூட என் முன்னால்தான் அழுதார், வேறு யார் முன்னாலும் இல்லை. அவர்கள் முன்னால்...

கதவு திறக்கிறது. வந்துவிட்டார் போல.

இல்லை, கிரிதரன். என்ன சொல்கிறார்? 'மேடம், வாங்க, காக்க வெச்சுட்டோம். லாகின் ரெக்கார்டு எல்லாம் எடுத்து வெச்சிருக்கோம், நீங்க பார்த்துச் சொன்னாத்தான் போலீஸுக்குப் போறதா வேண்டாமான்னு முடிவு பண்ண முடியும்.' யாரைச் சொல்கிறார்?

உங்களையா?

நீங்கள் இன்டர்வியூவுக்கு வரவில்லையா? இதை விசாரிக்கத்தான் வந்தீர்களா? உங்கள் கழுத்துக் கார்டு திரும்பிக் கிடந்தது, நான் படிக்கவில்லை. இரண்டு தடவை வாயைத் திறந்தீர்கள். நான்தான் விடவில்லை. நான் விடவே மாட்டேன், யாரையும் பேச விட்டதில்லை, அவரையும்தான். நேரம் கேட்டீர்களே. நம்பர் கேட்டீர்களே. மெயில் வந்ததா என்று கேட்டீர்களே.

இருங்கள், போகாதீர்கள். நான் சொன்னதை எழுதப் போகிறீர்களா? எழுதுங்கள். இல்லை, எழுதாதீர்கள். விரல் என்னுடையது என்பதை எழுதுங்கள், அவர் யாரையும் கூட்டி வரவில்லை என்பதை எழுதுங்கள். அந்த மெயிலை மட்டும் அவர் முன்னால் சொல்லாதீர்கள், அதை நானே வீட்டில் சொல்லிக்கொள்கிறேன், அவருக்கு அதைக் கேட்டால்... டாக்டர் சொல்லியிருக்கிறார். கொஞ்சம் பிடியுங்கள் அந்தக் கதவை, நானும் வருகிறேன், என்னைக் கேட்கட்டும், இங்கிலீஷிலேயே கேட்கட்டும், ஏங்க, கதவைப் பிடியுங்கள்.

மூடிவிட்டதே.

இருங்கள், கதவோரம் இருக்கிற இந்தக் கருப்புப் பெட்டியில் விரல் வைத்தால் திறக்குமல்லவா? பிளாஸ்திரியைப் பிய்க்கிறேன். வராமல் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. இதோ. வைக்கிறேன்.

சிவப்பு.

ஈரமாக இருக்கிறது விரல், அதனால்தான் சிவப்பு விளக்கு எரிகிறது. துடைத்துவிட்டு வைக்கிறேன். சிவப்பு.

தெரியும் செக்யூரிட்டி அண்ணா, ஸ்டாஃபுக்கு மட்டும் என்று எழுதியிருக்கிறது, எனக்கும் படிக்கத் தெரியும். நீங்கள் கொஞ்சம் உங்கள் விரலை வையுங்களேன். ஏன் அந்தப் பக்கம் பார்க்கிறீர்கள்? கண்ணாடி வழியாகத் தெரிகிறது பாருங்கள், அவர் முதுகு தெரிகிறது. தலை குனிந்திருக்கிறார். குனியக்கூடாது. கருப்புக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்திருக்கிறார். ஏங்க! இந்தப் பக்கம் திரும்புங்கள். மேடம், நீங்களாவது. மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. ஒரே ஒரு சொட்டு, வலது கண்ணில். விட்டுவிட்டு வெளியே வந்துவிடுகிறேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். யாராவது இந்தக் கதவைத் திறங்களேன்.